இப்பத்தா, எப்பத்தா

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாவு அரைக்க முடியாமல் உப்புமா கிண்டினேன். அவர் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "உப்புமாவா" என்றார். குறை சொல்லவில்லை. குரலே போதும்.

சுகர் மிஷின் இன்றும் சமையலறையில் கன்னடம் பேசியது. ஹாலில் தமிழ், சமையலறையில் கன்னடம். ஜூஜுவாடியில் எங்கள் வீட்டிலிருந்து கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். விரலில் குத்தி ரத்தத்தை வைத்தால் மிஷின் ஃபோனுக்கு அனுப்புகிறது, ஃபோனில் இருக்கும் ஆப் அளவை வாய்விட்டுச் சொல்கிறது. அதுவரை நல்லது. ஆனால் ஃபோன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலத்து மொழியில் சொல்கிறது. நாமே மொழியைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. ஹாலிலேயே உட்கார்ந்து பாருங்கள் என்றேன். நேற்று ஹாலிலும் மாறிவிட்டது.

"கன்னடத்துல சொன்னா சக்கரை கொறயுமான்னு பாக்கறேன்" என்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

பென்ஷன் வேலையாக ஓசூர் போயிருந்தேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல் தானே குத்திப் பார்த்திருக்கிறார். டாக்டர் சொன்ன கணக்கு எளியது: நூற்றைம்பதுக்குள் இருந்தால் எட்டு யூனிட், தாண்டினால் பன்னிரண்டு. இன்சுலின் பேனாவைத் திருகும்போது வரும் டிக், டிக் சத்தத்தை எண்ணி வைப்பார். பார்வை போன இந்த நான்கு வருடத்தில் ஒரு நாளும் எண்ணிக்கை தவறியதில்லை.

ஃபோன் சொன்னது 'நூற இப்பத்து'. நூற்றிருபது. அவர் காதில் விழுந்தது 'நூற எப்பத்து'. நூற்றெழுபது. நாங்கள் சிங்காரப்பேட்டையிலிருந்து இங்கு வந்து மூன்று வருடம்தான். பஸ்ஸில், கடையில் கேட்ட கன்னடம்தான் அவருக்கு. பன்னிரண்டு போட்டுக்கொண்டார்.

நான் வந்தபோது சமையலறை அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "மேகலாவா? மேகலாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான்தான் என்று சொன்ன பிறகும். சர்க்கரையை விரலால் தொட்டு வாய்க்குள் தடவினேன். பிறகு பார்த்தால் நாற்பத்தாறு.

மாலையில் ஹரீஷ் பொம்மசந்திராவிலிருந்து வந்தான். அப்பாவிடம் பேசாமல் என்னிடம் பேசினான். "அம்மா, இனிமே அப்பா தானா ஊசி போட வேணாம். நர்ஸ் ஒருத்தர வெச்சிடலாம்."

"கண்ணுதான்டா போச்சி. காதுமா போச்சி?" என்று அவர் கேட்டார்.

"காதாலதானப்பா இப்ப வந்துச்சி."

கடைசியில் தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டான். அதுவரை பேனா என் அலமாரியில், பூட்டுக்குள். வேளைக்கு நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கணவர் நான்கு ஏக்கர் உழுத மனிதர். வேறொருவர் துணையில்லாமல் அவர் செய்துகொண்டிருந்தது இந்த ஒன்றுதான். அதன் சாவி இப்போது என் இடுப்பில்.

ஜூன் 10

கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். பதினான்கு நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண். பொறுமையாகச் சொன்னேன், தேதியோடு, அளவோடு.

"கம்யூனிட்டி பேஜ்ல ரிக்வெஸ்ட் போடுங்க மேடம். யூசர்ஸ் சப்போர்ட் நிறைய வந்தா டீம் எடுத்துப்பாங்க."

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று எழுதினால், எத்தனை பிள்ளைகள் நனைகிறார்கள் என்று கையெழுத்து வாங்கி வா என்பது போல இருக்கிறது. ஒரு பிள்ளை நனைந்தால் ஒழுகல் இல்லையா?

ஜூன் 12

சிவராஜ் வந்தான். என்னிடம் பத்தாவது படித்தவன், இங்கே ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறான். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். யார் என்ன வசதி கேட்டாலும் அங்கே ஒரு வரிசையில் நிற்கிறது. பக்கத்தில் மேல் நோக்கி ஓர் அம்பு, கீழ் நோக்கி ஓர் அம்பு. பிடித்தால் மேலே அமுக்கு, பிடிக்காவிட்டால் கீழே. அம்பு கூடக் கூடக் கோரிக்கை மேலே ஏறும்.

முதலிடத்தில் நிற்கும் கோரிக்கை: திரை கறுப்பாக வேண்டும். 2,114 அம்பு. பார்வை இல்லாதவர்களுக்காகப் பேசும் ஆப்புக்குத் திரை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டாயிரம் பேருக்குக் கவலை.

"கண்ணு தெரியறவங்களும் யூஸ் பண்றாங்க டீச்சர்" என்றான் சிவராஜ். சரிதான். அவன் எப்போதும் சரியாகத்தான் சொல்வான், அதனால்தான் எரிச்சல்.

கீழே போகப் போக இன்னொன்று கண்ணில் பட்டது. எட்டு மாதம் முன்பு யாரோ ஆங்கிலத்தில் போட்டது: 'தமிழில் பேசுவதை உடனே நிறுத்துங்கள்.' அதன் கீழே படிக்கவே கூசும் சண்டை. எவனோ ஒரு மொழி வெறியன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கீழ் அம்பை அமுக்கினேன். மனதுக்கு இதமாக இருந்தது.

பிறகு என் கோரிக்கையைப் போட்டோம். அம்பு: ஒன்று. என்னுடையது.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று. நான், சிவராஜ், சிவராஜின் மனைவி. அவளிடம் இந்த மிஷின் கிடையாது. பிட் அடித்த மார்க்.

ஜூன் 19

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர்: 'எல்லையில் குடியிருந்தால் ஒன்றிலிருந்து நூறு வரை கற்றுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள்கூடக் கற்கிறார்கள்.' இன்னொருவர் கைகொட்டிச் சிரிக்கும் பொம்மை மட்டும்.

கற்றுக்கொள்ளலாம். நான் இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். அவரும் கற்றுக்கொண்டிருக்கிறார். நல்ல மொழி, எண்களும் நமக்குப் பக்கத்து வீட்டு எண்கள்தான். பக்கத்து வீடு என்பதால்தான் குழப்பமே. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது என் கணவருக்கு என் பெயரே சந்தேகமாக இருந்தது. அந்த நேரத்தில் வந்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லட்டும் இந்த ஆள்.

பதில் எழுதவில்லை. எழுதினால் என்னென்ன வரும் என்று எனக்கே பயம்.

ஜூன் 22, ஞாயிறு

98-ஆம் வருடப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் மட்டும் உயிர் வரும். அதில் எல்லாவற்றையும் எழுதி, கோரிக்கையின் இணைப்பைப் போட்டு, 'அனைவரும் இங்கே சென்று தங்கள் வருகையைப் பதிவு செய்யுங்கள்' என்று முடித்தேன். குழு முழுவதும் கைகூப்பிய பொம்மைகள்.

ஜூன் 23

காலையில் திறந்தால் என் கோரிக்கைக்குக் கீழே அறுபத்து மூன்று பதில்கள். ஒவ்வொன்றும்:

'உள்ளேன் டீச்சர்.'

'உள்ளேன் டீச்சர்.'

'உள்ளேன் டீச்சர்.'

நடுவில் ரத்தினவேல் மட்டும், 'உள்ளேன் டீச்சர். பாலாஜி லீவு, அவனுக்கும் சேத்து.' அந்தக் காலத்திலும் இதே வேலைதான் அவனுக்கு.

அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு, அழுகை இரண்டும்.

அம்பு: ஐந்து.

ஜூன் 24

பூட்டிவிட்டார்கள்.

'ஒரே வாசகம் திரும்பத் திரும்ப இடப்பட்டுள்ளது. இது திட்டமிட்ட பிரசாரம்.' அறுபத்து மூன்றும் அழிக்கப்பட்டன. கோரிக்கை மூடப்பட்டது. மூன்று மாதத்துக்கு நான் புதிதாக ஒன்றும் கேட்கக் கூடாதாம்.

பிரசாரமா? அறுபத்து மூன்று பேர் வாய் திறந்து இருக்கிறேன் என்று சொன்னது பிரசாரமா? மனுசன் தரையில கெடந்தது கணக்குல வராது, பசங்க ஒரே மாதிரி எழுதனது கணக்குல வந்துடுச்சா? யாருடா நீங்க? எங்க உக்காந்துருக்கீங்க?

சிவராஜுக்கு ஃபோன் செய்து அவனிடம் கத்தினேன். கத்தி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "டீச்சர், அம்ப அமுக்குங்கன்னு நீங்க சொல்லல. வருகைய பதிவு பண்ணுங்கன்னு சொன்னீங்க. பண்ணிட்டாங்க" என்றான்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் சொன்னவள் நான்: கேள்வியைச் சரியாகக் கேள், பாதி விடை வந்துவிடும்.

ஜூன் 25

அவர்கள் விதிமுறையைப் படித்தேன். 'நானும், நானும் என்று எழுதாதீர்கள், அம்பை அமுக்குங்கள். ஒவ்வொரு பதிலும் எல்லாருக்கும் மின்னஞ்சலாகப் போகிறது.' நியாயம்தான். ஒரு கேள்வி கேட்டால் நாற்பது பேரும் கத்தக் கூடாது, கையைத் தூக்கு என்று நானும்தானே சொன்னேன்.

ஆனால் கத்தியதற்காக வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் போனதில்லை.

குழுவில் கேட்டேன், உங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்த மிஷின் இருக்கிறது என்று. இரண்டு பேர். மற்ற அறுபத்தொரு பேரும் மிஷினுக்காக வரவில்லை. எனக்காக வந்தார்கள். அதைக் கம்பெனி எந்தக் கணக்கில் எழுதும்?

ஜூலை 6, ஞாயிறு

அந்தப் பக்கம் வழியாக ஒரு பெண் என் எண்ணைக் கேட்டு, இன்று பேசினாள். முனிலட்சுமி, அத்திபெலே. எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

"அக்கா, உங்களுது படிச்சேன். பூட்றதுக்கு முன்னாடியே. எங்கம்மாக்கும் அதே மிஷின். ஆனா உல்ட்டா. ஓசூர் டவர் புடிச்சா தமிழ் பேசுது. அம்மாக்குத் தமிழ் பரல்ல, தெரியாது அக்கா. தொண்ணூறுன்னு சொன்னா கடைசில 'நூறு'தான் காதுல உழுது. நூறுன்னு நெனச்சிக்கறாங்க. கண்ணு ரெண்டும் இல்ல."

நீயும் கோரிக்கை போட வேண்டியதுதானே என்றேன்.

"போட்டேனே அக்கா, எட்டொம்போது மாசம் ஆச்சி. கோவத்துல, தமிழ் பேசறத நிறுத்துன்னு எழுதிட்டேன். எல்லாரும் வந்து திட்டிட்டுப் போனாங்க. அம்மா பேரு, மிஷின் கதை எல்லாம் உள்ள எழுதிருக்கேன். யாரும் உள்ள படிக்கல."

யாரும் படிக்கவில்லை. ஆமாம்.

அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9

காலை பதினோரு மணி பஸ்ஸில் அத்திபெலே போனேன். முனிலட்சுமியின் அம்மா மாரம்மா என் வயதுதான். வாசலில் நாற்காலி போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார், விரல்களுக்குக் கண் இருப்பதைப் போல. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். உன் கோரிக்கைக்குக் கீழ் அம்பு போட்டவர்களில் நானும் ஒருத்தி, உள்ளே படிக்காமல் போட்டேன் என்று.

முனிலட்சுமி, "நீங்களுமா அக்கா? டீச்சர் நீங்க" என்றாள். பிறகு அம்மாவிடம் கன்னடத்தில் சொன்னாள்.

மாரம்மா காயிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆய்த்து பிடு" என்றார். ஆனது ஆச்சு, விடு. ஒரு கை அவரைக்காயை என் மடியில் வைத்தார். நானும் உரித்தேன்.

இரண்டு வீட்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய அளவுகளைப் பேசவிட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. எனக்கு ஆதரவு எதற்கு? விடைத்தாள் போதும்.

ஜூலை 13, ஞாயிறு

முனிலட்சுமி தன் பழைய கோரிக்கையின் தலைப்பை மாற்றினாள்: 'பேசும் மொழியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.' என் கீழ் அம்பை எடுத்துவிட்டு மேல் அம்பு வைத்தேன். அதன் கீழே, நான் எழுதிக் கொடுத்த தேர்வை அவள் போட்டாள். ஐந்து ஒலிகள், மூன்று கன்னடம், இரண்டு தமிழ். 'இது ஒருவருடைய ரத்தத்தில் உள்ள சர்க்கரை அளவு. கேட்டு, எண்ணை எழுதவும். தெரிந்த மொழியையும் தெரியாத மொழியையும் சேர்த்தே எழுதவும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது, ஏனென்றால் என் கணவருக்குப் பக்கத்தில் அன்று யாரும் இல்லை.'

பத்தாவது 'ஆ' பிரிவுக்குத் தனியாக எழுதினேன்: மிஷின் வைத்திருப்பவர்கள் மட்டும் அம்பை அமுக்கவும். மற்றவர்கள் பரீட்சை எழுதவும். உள்ளேன் டீச்சர் என்று யாராவது எழுதினால் வெளியே நிற்க வைப்பேன்.

ஜூலை 17

நாற்பத்தொரு விடைத்தாள்கள். எங்கெங்கிருந்தோ. பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத பெயர்கள். இந்த முறை யாரும் பூட்டவில்லை, எப்படிப் பூட்டுவார்கள்? ஒருவர் எழுதியதைப் போல இன்னொருவர் எழுதவில்லை.

முதல் ஒலி நூற்றிருபது. அதை நூற்றெழுபது என்று எழுதியவர்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவருக்கும் கீழே முனிலட்சுமியின் பெயரிலேயே திருத்திப் போட்டோம்: 'தவறு. நீங்கள் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு யூனிட் போட்டுக்கொண்டீர்கள். இப்போது உங்களுக்கு வியர்க்கிறது.'

ஒன்றிலிருந்து நூறு வரை கற்றுக்கொள்ளச் சொன்ன அந்த மனிதரும் எழுதியிருந்தார். கன்னடம் மூன்றும் சரி. தமிழ் இரண்டும் தவறு, தொண்ணூறு அவருக்கும் நூறாகத்தான் கேட்டிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்து அவரே எழுதினார்: 'புரிந்தது.' அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை. அம்பு அமுக்கினாரா தெரியாது.

அம்பு: பதினொன்று.

ஜூலை 21

கம்பெனியிலிருந்தே ஒருவர் தேர்வு எழுதியிருக்கிறார். பிரியா என்று பெயர், அந்த ஆப்பைப் பார்த்துக்கொள்பவராம், சென்னைப் பெண். தமிழ் இரண்டும் சரி. கன்னடம் மூன்றும் தவறு. ஐந்துக்கு இரண்டு.

'மேடம், மூன்றாவது ஒலி மட்டும் தெளிவாக இல்லை. மறுபடி கேட்கலாமா?' என்று கேட்டிருக்கிறார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் நான்கு முறை எழுதி அழித்தேன். ஐந்தாவது முறை எழுதியது இது: 'கேட்கலாம் அம்மா, மிஷினிலும் மறுபடி கேட்க முடியும். ஆனால் சந்தேகம் வந்தால்தானே மறுபடி கேட்போம்? முதல் இரண்டையும் நீங்கள் மறுபடி கேட்கவில்லை, சரி என்று நினைத்தீர்கள். அவைதான் பெரிய தவறு. என் கணவரும் சரி என்றே நினைத்தார்.'

மாலையில் ஒரு வரி வந்தது. 'டீமிடம் காட்டுகிறேன்.'

ஆகஸ்ட் 4

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20

அப்டேட் வந்திருக்கிறது என்று ஃபோன் சொன்னது. ஓடிப்போய்த் திறந்தேன்.

கறுப்புத் திரை.

ஃபோனைக் கட்டிலில் எறிந்தேன். தரையில் எறியவில்லை, அவ்வளவுதான் என் பொறுமை இப்போது. இரண்டாயிரம் பேர் கேட்டதைச் செய்தார்கள், அதில் என்ன குற்றம் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். குற்றம் இருக்கிறது. கண் கூசுகிறவனும் விழுந்து கிடக்கிறவனும் ஒரே வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டுமா? ஆஸ்பத்திரியில்கூட வாசலிலேயே ஒருவர் நின்று, நீ உட்காரு, நீ உள்ளே போ என்கிறாரே.

"எதுக்கு மே இப்பிடி எரிஞ்சி விழற?" என்றார் அவர். யார் மேல் விழுந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. காபியை டக்கென்று அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். டிக், டிக் என்று நானும் மனதுக்குள் எண்ணினேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீ எண்ணறது எனக்குக் கேக்குது."

"நான் வாயே தொறக்கலயே?"

"மூச்ச நிறுத்தி நிறுத்தி வுடற. எட்டு தபா."

பிறகு, "இப்பத்தா எப்பத்தான்னு நானும் கேட்டுகினே கீறேன். அவனுங்க எப்பத்தான் சரி பண்ணுவானுங்க?" என்றார். கன்னடத்து இருபதும் எழுபதும் தமிழில் கேள்வியாகிவிட்டன. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஹரீஷ் நர்ஸ் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறான். தீபாவளிக்கு அடுத்த நாளிலிருந்து.

அக்டோபர் 7, செவ்வாய்

வந்துவிட்டது.

முதலில் முனிலட்சுமிதான் ஃபோன் செய்தாள். "அக்கா, செட்டிங்ஸ்ல பாருங்க, பாஷை!" பின்னால் மாரம்மாவின் மிஷின் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வீடு முழுக்க ஒரே மொழி.

சமையலறையில் நின்று பார்த்தேன். தமிழ். பின் வாசலில், தமிழ். ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு எடுத்தேன், தமிழ். தெருமுனை வரை நடந்தேன், ஃபோனில் கர்நாடக டவர் என்றே காட்டியது. தமிழ்.

கம்பெனியின் அறிவிப்பைப் படித்தேன். 'பயனாளர்களின் பேராதரவுக்கு இணங்க இந்த வசதி.' பேராதரவு! எண்ணிப் பார்த்தேன், அம்பு பதினாலு. ஐந்துக்கு இரண்டு வாங்கிய ஒரு பெண் மனம் பொறுக்காமல் செய்தாள் என்று எழுதினால் என்ன? ஜூன் ஏழாம் தேதி ஒருவர் விழுந்தார் என்று எழுதினால் என்ன? அதை எங்கேயும் காணோம். இந்தக் கோபம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம்.

பிரியாவுக்கு ஒரு வரி எழுதினேன்: 'தேர்ச்சி.'

அக்டோபர் 12, ஞாயிறு

ஹரீஷ் வந்து கூடவே உட்கார்ந்து பார்த்தான். வேண்டுமென்றே ஃபோனைச் சமையலறைக்கும் மொட்டை மாடிக்கும் தூக்கிக்கொண்டு போனான். மூன்று வேளை பார்த்தான். கிளம்பும்போது நர்ஸைப் பற்றிப் பேசவில்லை. "பேனா எங்கம்மா இருக்குது?" என்று மட்டும் கேட்டான்.

"அவர் சட்டப் பையில" என்றேன்.

அக்டோபர் 18, சனி. சிங்காரப்பேட்டை

தங்கை மகளுக்கு நாளை நிச்சயதார்த்தம். இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நேற்றே வந்துவிட்டேன். அவருக்கு அலைச்சல் ஆகாது, வரவில்லை.

மதியம் ஒன்றே காலுக்கு ஃபோன் வந்தது. நான் செய்யவில்லை, அவர்தான்.

"நூத்தி முப்பத்தி நாலு. எட்டு போட்டன்."

"சாப்ட உக்காந்தீங்களா?"

"இப்பத்தான்" என்றார்.